மழைக்கு முன் இன்னோர் ஊசி

“கொரோனாத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்று. இதற்கு மேல் ஃப்ளூ ஊசி வேறு எதற்கு, டாக்டர்?”

2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். உடன் வந்த மகனோ, மருமகளோ, பேரனோ. கேள்வியில் சலிப்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஒன்றரை ஆண்டுகளாக முகக்கவசமும் பரிசோதனையும் தனிமையுமாகக் கழித்தவர்களிடம், செப்டம்பர் 12 அன்று மாநிலமெங்கும் நடந்த மாபெரும் முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோரோடு தாமும் ஒருவராக வரிசையில் நின்று வந்தவர்களிடம், “இன்னும் ஓர் ஊசி இருக்கிறது” என்று சொல்வது எங்களுக்கும் எளிதாக இல்லை.

ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கொரோனாவும் ஃப்ளூ என்னும் இன்ஃபுளுயன்சாவும் மூச்சுப்பாதை வழியே பரவுபவை. காய்ச்சல், இருமல், உடல்வலி என்று ஒரே முகம் காட்டுபவை. ஆனால் அவை இரு வேறு வைரஸ் குடும்பங்களைச் சேர்ந்தவை. கோவிஷீல்டோ கோவாக்சினோ ஃப்ளூவைத் தடுக்காது. ஃப்ளூ ஊசி கொரோனாவைத் தடுக்காது. ஒன்றைப் போட்டுக்கொண்டவர் மற்றொன்றுக்கும் காப்புப் பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். முதலில் அகல வேண்டியது அந்த எண்ணம்.

2020ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், நிவர் புயலை ஒட்டிய நாட்களில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர். வீட்டைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்ததால் உறவினர் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேருடன் இரண்டு இரவுகள் தங்கியிருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சலுடன் வந்தார். காய்ச்சல் உள்ளவரைப் பொதுக்கூடத்தில் பத்துப் பேருடன் அமரவைத்து டயாலிசிஸ் செய்ய இயலாது. ஆர்டி-பிசிஆர் முடிவு வரும்வரை தனியறையில்தான் செய்ய வேண்டும். தனியறையில் இருந்த ஒரே இயந்திரத்தில் அப்போது வேறொருவர் இருந்தார். அம்மையாரின் முறை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அந்த ஒரு நாளில் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத்திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாட்கள் இருக்க நேர்ந்தது. கொரோனா இல்லை என்று பின்னர் முடிவு வந்தது. அது எந்தக் கிருமி என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஃப்ளூ ஊசி அந்தக் காய்ச்சலைத் தடுத்திருக்கும் என்று நாங்கள் சொல்லமாட்டோம், சொல்ல ஆதாரமில்லை. ஆனால் கொரோனாக் காலத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல் நோயாளியிடம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை அன்று கண்டோம். முன்பெல்லாம் காய்ச்சல் என்றால் கஞ்சியும் பாராசிட்டமாலும் மூன்று நாள் ஓய்வும் போதும். கொரோனாக் காலத்திலோ அது பரிசோதனை, தனிமை, தள்ளிப்போன கீமோதெரபி, ஒத்திவைக்கப்பட்ட அறுவை சிகிச்சை என்றாயிற்று. வரக்கூடிய காய்ச்சல்களில் ஒன்றையேனும் முன்கூட்டித் தடுக்க வழி இருக்கையில், நீண்டகால நோயுள்ளவர்கள் அதை விட்டுவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

எப்போது போட்டுக்கொள்வது? குளிர்நாடுகளில் ஃப்ளூ பனிக்காலத்து நோய். நம் நாட்டிலும் காஷ்மீரில் அது ஜனவரியை ஒட்டியே உச்சம் பெறுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை அதிகரிக்கிறது. சென்னையும் வேலூரும் இதற்கு விலக்கு. நமக்கு மழை வடகிழக்கிலிருந்து வருவதுபோல், ஃப்ளூவின் உச்சமும் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குத் தள்ளிப்போகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடையாற்றங்கரையில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வாழ்வோருக்கு அந்த இரு மாதங்கள் எப்படிப்பட்டவை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சன்னல்களை அடைத்துக்கொண்ட வீடுகளும், பலர் ஒன்றாகத் தங்கும் நிவாரண முகாம்களும், ஈரம் உலராத துணிகளும் சளிக்காய்ச்சல் பரவ ஏற்ற சூழலாகின்றன. ஊசி போட்ட பிறகு உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே மழை தொடங்கிய பின் யோசிப்பதைவிட, செப்டம்பர் முடிவதற்குள் போட்டுக்கொள்வது நல்லது. தவறினால் அக்டோபரிலும் போட்டுக்கொள்ளலாம். பயன் முற்றிலும் போய்விடாது.

“2020இல் ஃப்ளூவே இல்லையாமே?” என்று செய்தித்தாள் படிக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார். அவர் சொன்னது பெருமளவு உண்மை. முகக்கவசமும் ஊரடங்கும் மூடப்பட்ட பள்ளிகளும் கொரோனாவைவிட ஃப்ளூவையே அதிகம் முடக்கின. ஆஸ்திரேலியாவில் 2020ஆம் ஆண்டின் குளிர்காலம் ஏறக்குறைய ஃப்ளூ இல்லாமலேயே கழிந்தது. ஆனால் அந்தக் கருவிகளைத்தான் நாம் 2021இல் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கத் தொடங்கினோம். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளிகள் திறந்தன. புறநகர் ரயில்களில் கூட்டம் திரும்பியது. முகக்கவசங்கள் தாடைக்கு இறங்கின. ஓராண்டு முழுவதும் ஃப்ளூவைச் சந்திக்காத உடல்களில் அதற்கெதிரான நினைவும் மங்கியிருக்கும். திரும்பி வரும்போது அது முன்னைவிடக் கடுமையாக இருக்குமா என்று உறுதியாக எவரும் அப்போது கூற இயலவில்லை. இல்லாமலே போய்விடும் என்று நம்பி இருப்பதற்கும் காரணம் இருக்கவில்லை.

ஃப்ளூவை ‘வெறும் சளிக்காய்ச்சல்’ என்று ஒதுக்குவது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. இந்நகரத்தின் நினைவு அப்படியன்று. 1957ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ‘ரஜுலா’ கப்பலில் பயணிகள் பலர் காய்ச்சலில் கிடந்தனர். மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பல தலைமுறைத் தமிழர்களை ஏற்றிச் சென்ற, ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் பெயர் அறிந்த கப்பல் அது. ‘ஆசிய ஃப்ளூ’ என்று பின்னர் அழைக்கப்பட்ட புதிய வகை இந்தியாவுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுயன்சா மையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தது. அடுத்த எட்டு, ஒன்பது மாதங்களில் நாடெங்கும் பதிவானவை மட்டுமே 44 லட்சத்துக்கும் மேல். இறந்தோர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன், 1918இல், பம்பாய் வழியாக வந்த ஃப்ளூ இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனதாக மதிப்பிடுகிறார்கள். 2009இல் ‘பன்றிக்காய்ச்சல்’ என்று நாம் அஞ்சிய எச்1என்1 எங்கும் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூக்களில் ஒன்றாக நம்மோடு தங்கிவிட்டது. இன்றைய ஊசியில் அதற்கான பகுதியும் உண்டு.

இதய நோயாளிகளுக்கு ஒரு செய்தி. ஃப்ளூ உறுதிசெய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2018இல் காட்டியது. அப்படியானால் ஃப்ளூவைத் தடுத்தால் இதயமும் காக்கப்படுமா? 2021 ஆகஸ்ட் இறுதியில் வெளியான ஆய்வு ஒன்று இக்கேள்வியை நேரடியாகச் சோதித்திருக்கிறது. எட்டு நாடுகளில், நம் அண்டை நாடான வங்கதேசம் உட்பட, பெரும்பாலும் மாரடைப்புக்காக அனுமதிக்கப்பட்ட 2,571 பேரில் பாதிப் பேருக்கு மருத்துவமனையில் இருக்கும்போதே ஃப்ளூ ஊசியும், மீதிப் பேருக்கு மருந்தில்லா ஊசியும் போட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் முதல் பிரிவில் 100க்கு 2.9 பேர், இரண்டாம் பிரிவில் 4.9 பேர். கொரோனாவின் காரணமாகவே அந்த ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. எண்ணிக்கையும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆயினும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் இதய மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதற்கு இது போதிய காரணம்.

நுரையீரல் நோயாளிகளைப் பற்றித் தனியே விளக்க வேண்டியதில்லை. 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய காசநோயின் தழும்பைச் சுமந்த நுரையீரலோடு எங்களிடம் வருவோரும் பலர். 2021இல் அவர்களோடு கொரோனாவிலிருந்து மீண்டு, படியேறினால் மூச்சு வாங்குவோரும் சேர்ந்தார்கள். இருப்பில் குறைவாக உள்ள நுரையீரல் இன்னொரு தாக்குதலைத் தாங்குவது கடினம்.

பராமரிப்பவர்களிடம் ஒரு சொல்.

2021ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ‘நீலா’ என்னும் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. பல சிங்கங்களுக்குக் கொரோனாத் தொற்று உறுதியாயிற்று. ஜூன் 16ஆம் நாள் ‘பத்மநாதன்’ என்னும் ஆண் சிங்கமும் இறந்தது. பூங்கா அப்போது பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருந்தது. இச்செய்தியைக் கேட்டு எங்கள் வார்டுகளில் பலர் மனம் கலங்கினார்கள். பள்ளிப் பருவத்தில் அந்தப் பூங்காவுக்குச் சுற்றுலா செல்லாதவர் இப்பகுதியில் யார்? தொற்று அங்கே எவ்வழியாகச் சென்றது என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. நாங்கள் எண்ணிப்பார்த்தது வேறு. வாசல் தாண்டாத உயிரையும் தொற்று தேடி வருகிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் தந்தை எங்கும் போவதில்லை. அவருக்கு ஃப்ளூ வருமானால் அது அவருக்கு ஊட்டிவிடும் கையோடும், கொஞ்ச வரும் பேரக்குழந்தையோடும்தான் வரும்.

இதில் மருத்துவக் காரணம் ஒன்றும் உண்டு. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், கீமோதெரபி பெறுவோர், மிக முதியவர்கள் ஆகியோரின் உடல் தடுப்பூசிக்கு முழுமையாக எதிர்வினை ஆற்றுவதில்லை. ஊசி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது குறைவாகப் பலிக்கிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கோ போடவே இயலாது. இவர்களைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதே இவர்களுக்கான வேலி. கருவுற்ற தாய்மார்கள் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் எதிர்ப்பாற்றல் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் துணை நிற்கும்.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2021இல் கொரோனா ஊசி கிடைத்ததுபோல இது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அவ்வாண்டு தனியார் மருத்துவமனைகளில் ஓர் ஊசிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆயிற்று. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, அதுவும் வேலை இழந்த ஆண்டில், அது சிறிய தொகையன்று. எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எங்களுக்கு மனமில்லை. ஒருவருக்குத்தான் இயலும் என்றால் நோயாளிக்குப் போடுங்கள். இருவருக்கு இயலும் என்றால் நோயாளிக்கும், அவரை நாள் முழுதும் தொட்டுப் பராமரிப்பவருக்கும் போடுங்கள். பச்சிளங்குழந்தை உள்ள வீட்டில் தாய்க்கு முதலிடம். நோயில்லாத இளைஞர்கள் முகக்கவசத்தை ஒழுங்காக அணிந்துகொண்டு காத்திருந்தாலும் நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

அடுத்து, இரு ஊசிகளுக்கும் இடையிலான கணக்கு. கொரோனா ஊசிக்கும் வேறு எந்தத் தடுப்பூசிக்கும் இடையே குறைந்தது 14 நாட்கள் இருக்க வேண்டும் என்பது 2021இல் நம் நாட்டு வழிகாட்டுதலாக இருந்தது. அமெரிக்காவில் 2021 மே மாதம் இந்த இடைவெளியைக் கைவிட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் தொலைபேசியில் வேறு விதமாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இங்கே நாங்கள் அப்போது 14 நாட்களையே பின்பற்றினோம். கோவிஷீல்டு முதல் தவணை போட்டவர்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. அடுத்த தவணைக்கு 84 நாட்கள் இருந்ததால் நடுவில் எப்போது வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ள முடிந்தது. கோவாக்சின் போட்டவர்களுக்கு இடைவெளி 28 நாட்களாகவே இருந்தது. சரியாகப் பதினான்காம் நாள் வர இயலாதவர்கள் இரண்டாம் தவணையை முடித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து வரலாம் என்றோம். அப்போது ஒரு தவணைகூடக் கொரோனா ஊசி போடாதவர்கள் முதலில் அதையே போட்டுக்கொள்ள வேண்டும் என்றோம்; இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இருக்கவில்லை. கொரோனா வந்து குணமானவர்கள் ஃப்ளூ ஊசிக்காக மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. 2021இல் நடைமுறையில் இருந்த அந்தக் காத்திருப்பு கொரோனா ஊசிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. காய்ச்சல் நீங்கி, தனிமைக்காலம் முடிந்து, உடல் தேறியிருந்தால் போதும்.

சென்ற ஆண்டு போட்ட ஊசி இந்த ஆண்டுக்கு உதவாது. ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறுவதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் இடம்பெற வேண்டிய வகைகளைப் பரிந்துரைக்கிறது. 2021இல் கிடைத்த ஊசிகளில் பெரும்பாலானவை நான்கு வகைகளுக்கு எதிரானவை. அவற்றில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸின் பகுதிகள். அவற்றால் ஃப்ளூ வராது. ஊசி போட்ட இரவில் சிலருக்குக் கைவலியும் லேசான காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தணியும். மூக்கில் செலுத்தும் மருந்து வேறு வகை. அதில் வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இருப்பதால் கருவுற்றவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும்.

காப்பு முழுமையானதா என்றால், இல்லை. ஊசியும் ஊரில் பரவும் வகையும் நன்கு பொருந்தும் ஆண்டுகளில் மருத்துவரைத் தேடிச் செல்லும் அளவுக்கான ஃப்ளூவை அது 100க்கு 40 முதல் 60 வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் அதற்கும் கீழே. “பாதிதானா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஊசியையும் மீறி நோய் வந்தாலும் தீவிர சிகிச்சை வரை செல்வது குறைகிறது என்பதையும் அந்தப் பாதியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போடும் அறையில் நீங்களாகச் சொல்ல வேண்டிய சில செய்திகள் உள்ளன. நெரிசலில் நாங்கள் கேட்க மறந்துவிடக்கூடும். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைத்திருந்தால் மறு கையைக் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை அகற்றியிருந்தாலும் அவ்வாறே. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் போதும். கீமோதெரபியில் இருப்போருக்கு எந்தச் சுற்றுக்கு இடையில் போடுவது என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவுசெய்வார். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் அப்படியே. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தெரிவியுங்கள். அவர்களில் பெரும்பாலோர் போட்டுக்கொள்ளலாம். முன்பு ஃப்ளூ ஊசிக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலோ, அதன்பின் ஆறு வாரங்களுக்குள் கைகால் செயலிழக்கும் குல்லன்-பாரே நோய் வந்திருந்தாலோ மருத்துவரைப் பார்க்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம். காய்ச்சலோடு வந்தால் ஊசி போடமாட்டோம், பரிசோதனைக்கு அனுப்புவோம். ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முறையாகப் போடும்போது நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையும் தேவை.

ஊசி போட்டுக்கொண்டவருக்கும் மழைக்காலத்தில் காய்ச்சல் வரலாம். அது ஃப்ளூவாக இருக்கலாம், கொரோனாவாக இருக்கலாம், நம் பகுதியில் அதே மாதங்களில் தலைகாட்டும் டெங்குவாகவோ எலிக்காய்ச்சலாகவோ இருக்கலாம். வீட்டிலிருந்தபடி பிரித்தறிய இயலாது. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலிமாத்திரை யாருக்கும் வேண்டாம். ஆனால் இதய நோயாளிகள் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. ஃப்ளூவுக்கென உள்ள ஓசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். எனவே டயாலிசிஸ், புற்றுநோய், இதய நோயாளிகளும் கருவுற்றவர்களும் மூன்றாம் நாள்வரை பொறுத்துப் பார்க்க வேண்டாம். முதல் நாளே தொலைபேசியில் அழைத்துவிட்டு வாருங்கள். சொல்லிவிட்டு வந்தால் தனியறையை ஒழித்துவைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஊசிக்கு வரும்போது கொரோனாத் தடுப்பூசிச் சான்றையும், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுவாருங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டும்படி தளர்வான உடை நல்லது. சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வெறும் வயிறு தேவையில்லை. போட்டபின் அரைமணி நேரம் எங்கள் கண்முன் அமர்ந்திருக்க வேண்டும். உடன் வருபவர் ஒருவர் போதும். அவருக்கும் ஊசி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே இரண்டு பெயர்களாகச் சொல்லிவிடுங்கள்.